ஷேக் டேபிள் சோதனைத் தரவு யாரிடம் இருக்க வேண்டும்? ஐரோப்பிய அனுபவம் பற்றிப் பேசுவோம்

கலங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வட இத்தாலியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வில் இருக்கிறேன். பழைய செங்கல் வீடுகள் நிலநடுக்கத்தில் எப்படி உடைகின்றன என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை. என் கணக்கு சரியா தப்பா என்று தெரிய வேண்டுமானால் உண்மையான வீட்டை ஆட்டிப் பார்த்த சோதனை ஒன்று வேண்டும். அதற்கான ஷேக் டேபிள், அதாவது கட்டடத்தை ஏற்றி நிலநடுக்கம் போல ஆட்டும் மேசை, ஐரோப்பாவில் சில இடங்களில்தான் இருக்கிறது. பாவியாவில் யூசென்டர் ஆய்வு மையத்தின் மேசை 5.6க்கு 7 மீட்டர். லிஸ்பனில் எல்னெக் ஆய்வு நிறுவனத்தின் மேசை 4.6க்கு 5.6. பாரிசுக்குப் பக்கத்தில் சக்லேயில் இருக்கும் அசாலே 6க்கு 6. வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் 5க்கு 5. இன்னும் சில உண்டு, ஆனால் முழு அளவு வீட்டை ஏற்றக்கூடியவை குறைவு.

வீட்டைக் கட்டி, காயவிட்டு, கருவி ஒட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. ஆட்டுவது சில விநாடிகள். உடைந்த வீட்டை மறுபடி ஆட்ட முடியாது. அந்தச் சில விநாடிகளின் தரவு இன்னொருவருக்குப் பயன்படாமல் போனால் அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆய்வகத்திடம் (பெயர் வேண்டாம்) சில ஆண்டுகளுக்கு முந்தைய சோதனைத் தரவைக் கேட்டேன். மறுக்காமல் அனுப்பினார்கள், அதற்கு நன்றி. வந்த கோப்பில் 84 நெடுவரிசைகள், ஒரு கருவியின் அளவீட்டுக்கு ஒன்று. தலைப்பு "சேனல் 1" முதல் "சேனல் 84" வரை, அவ்வளவுதான். எந்தச் சேனல் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று ஒரு வரி இல்லை. சோதனை நடத்தியவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். கட்டுரையில் இருந்த படத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். இரண்டாம் மாடியில் ஒரு முடுக்கமானி மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டிருந்திருக்கிறது, அதன் குறி எதிர்மறை. அது தெரியாமல், அந்த வீடு முறுக்கிக்கொண்டு ஆடியது என்று நம்பி ஐந்து வாரம் அதற்குக் காரணம் தேடினேன். வீடு முறுக்கவே இல்லை.

இதைச் சரிசெய்ய ஐரோப்பாவில் முயற்சி நடக்காமல் இல்லை. கிரேக்கத்தின் பட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2009 முதல் 2013 வரை "சீரிஸ்" என்ற திட்டம் நடந்தது. 23 பங்காளிகள். ஆய்வகங்களின் தரவு எல்லாவற்றையும் ஒரே வாசல் வழியாகத் தேடவும் எடுக்கவும் வழி செய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்கப்புறம் 2017 முதல் 2020 வரை "செரா" வந்தது. 2022இல் "எரீஸ்" தொடங்கியது.

என் கேள்வி இதுதான். தரவை ஒவ்வொரு ஆய்வகமும் தன்னிடமே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு வாசல் மட்டும் இருந்தால் போதுமா? இல்லை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டுமா? இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் நம் குழுவில் சிலர் இருப்பது தெரியும். சொல்லுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

நல்ல இழை. நான் நிலநடுக்கவியல் பக்கத்தில் இருப்பவன், ஒரு தரவு மையத்தில் வேலை. எங்கள் பக்கம் இது எப்படி நடந்தது என்று சொன்னால் உங்கள் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

பகிரும் பழக்கம் எங்களுக்குப் பெருந்தன்மையால் வந்ததில்லை. 1960களில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா உலகம் முழுக்க ஏறத்தாழ 120 நிலையங்களை, ஒரே மாதிரியான கருவிகளோடு நிறுவியது. கருவி ஒன்றே என்பதால் பதிவுகளை ஒப்பிட முடிந்தது. 1980களில் எண்முறைப் பதிவுக்கு "சீட்" என்ற பொது வடிவம் வந்தது. ஐரோப்பாவில் 1987இல் "ஆர்ஃபியஸ்" என்ற நிலநடுக்கத் தரவு அமைப்பு தொடங்கியது. இன்று நெதர்லாந்தின் வானிலை நிறுவனம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதன் கீழ் "எய்டா" என்ற கூட்டுக் காப்பகம் இயங்குகிறது. அதில் தரவு ஒரே இடத்தில் இல்லை. பல நாடுகளில் பத்துக்கும் மேற்பட்ட மையங்கள், ஒவ்வொன்றும் தன் பகுதித் தரவை வைத்திருக்கிறது. ஆனால் எல்லா மையங்களும் ஒரே கேள்வியைப் புரிந்துகொள்ளும், ஒரே வடிவில் பதில் தரும். கேட்பவருக்குத் தரவு எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதே தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பரவலாக வைப்பது வேலை செய்யும். எங்களுக்குப் பல ஆண்டாகச் செய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். எங்கள் நிலையம் என்பது ஓர் இடம், ஒரு கருவி, மூன்று திசை. அதைச் சில வரிகளில் முழுதாக விவரித்துவிடலாம், ஐம்பது ஆண்டு ஓடினாலும் அதே விவரம்தான். உங்கள் சோதனையோ ஒவ்வொன்றும் தனிப்பிறவி. இன்று செங்கல் வீடு, நாளை பாலத்தின் தூண், அப்புறம் மண்ணில் புதைத்த குழாய். இவற்றை ஒரே சட்டகத்தில் எப்படி விவரிப்பது? சீரிஸ் திணறியிருந்தால் அங்கேதான் திணறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

---

தூண்விட்டம் எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து. நான் ஆய்வாளன் இல்லை, கட்டடம் வடிவமைப்பவன். எம்.இ. படிக்கும்போது இத்தாலிக்காரர்களின் "இஎஸ்எம்" தளத்திலிருந்து நிலநடுக்கப் பதிவுகள் எடுத்து ஒரு பத்து மாடிக் கட்டடத்தைக் கணக்கிட்டேன். பதிவு செய்தால் போதும், இறக்கிக்கொள்ளலாம், யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கலங்கரை சொல்லும் தொல்லை எதுவும் எனக்கு வரவில்லை. அப்படியானால் இந்தச் சேவை ஏற்கெனவே இருக்கிறதே? நீங்கள் பேசுவது வேறு தரவா?

---

வைகைக்கரை எழுதியது:

வேறு தரவுதான், தம்பி. ஆனால் நல்ல கேள்வி, ஏனென்றால் இஎஸ்எம் உங்களுக்குத் தொல்லை கொடுக்காததற்குப் பின்னால் நிறைய மனித உழைப்பு இருக்கிறது.

இஎஸ்எம் தருவது நிலம் எப்படி ஆடியது என்ற பதிவு. ஐரோப்பா, மத்தியதரைக்கடல், மத்திய கிழக்குப் பகுதிகளில் 1969க்குப் பிறகு வந்த, 4.0 அளவும் அதற்கு மேலும் உள்ள நிலநடுக்கங்களின் வலுவான அதிர்வுப் பதிவுகள் அதில் உள்ளன. மிலானில் உள்ள இத்தாலியத் தேசிய நிலநடுக்கவியல் நிறுவனக் கிளை நடத்துகிறது. இதற்கு இணையாக இன்னொரு சேவையும் உண்டு. அது நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் தானாகவே பதிவுகளை எடுத்துப் போடும், மனிதக் கை படாது. அவசரத்துக்கு அது. இஎஸ்எம்மில் ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்து, இரைச்சல் எங்கே தொடங்குகிறது, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே நம்பக்கூடாது என்று முடிவு செய்கிறார். நீங்கள் இறக்கிய பதிவை முன்பே ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

கலங்கரை பேசுவது ஆய்வகத்தில் கட்டடத்தை ஆட்டிய தரவு. அதற்கு அப்படி உட்கார்ந்து பார்க்கும் ஆள் கிடையாது.

---

செங்கல்சூளை எழுதியது:

நான் ஒரு ஷேக் டேபிள் ஆய்வகத்தில் சோதனைப் பொறியாளர். பதினோரு ஆண்டாக இதுதான் வேலை. கலங்கரைக்கு அந்த 84 சேனல் கோப்பை அனுப்பியது நாங்களாகக்கூட இருக்கலாம், அதனால் கோபப்படாமல் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

சோதனை நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வீட்டை மேசைக்கு வெளியே ஓர் அடித்தள விட்டத்தின் மேல் கட்டுவோம். காய்ந்த பிறகு கிரேனில் தூக்கி மேசையில் வைத்துப் போல்ட் போட்டு இறுக்குவோம். தூக்கும்போதே சில மயிரிழை விரிசல் விழுந்துவிடும். அதை யாராவது குறித்துவைத்தால் உண்டு, இல்லாவிட்டால் "முதல் ஆட்டத்திலேயே விரிசல்" என்று கட்டுரையில் வரும். அப்புறம் முதலில் மெல்லிய ஆட்டம், அதாவது பல அதிர்வெண்கள் கலந்த வெள்ளை இரைச்சல் கொடுத்து வீட்டின் இயல்பு அதிர்வெண் என்ன என்று பார்ப்போம். பிறகு நிலநடுக்கத்தைக் கால் பங்கு, அரைப் பங்கு, முழுசு என்று ஏற்றுவோம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் உள்ளே போய் விரிசல்களைப் பேனாவால் வரைவோம், ஆட்டத்துக்கு ஒரு நிறம். மறுபடி வெள்ளை இரைச்சல். இதற்கிடையில் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சியை அளக்கும் சிறு கருவி) செத்துப்போகும், ஒரு இடப்பெயர்ச்சிமானியின் கம்பி நழுவும், மாற்றிப் போடுவோம். ஆக, மூன்றாவது ஆட்டத்தில் சேனல் 31 இருந்த இடமும் ஐந்தாவது ஆட்டத்தில் அது இருந்த இடமும் ஒன்றாக இருக்காது.

இரவு ஒன்பது மணிக்கு வீடு இடிந்து விழுந்திருக்கும். எல்லோருக்கும் களைப்பு. மேசையை வியாழக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், அடுத்த குழு லாரியில் வந்துகொண்டிருக்கிறது. சேனல் மாறிய கதை என் நோட்டில் பென்சிலில் இருக்கும். அதைத் தட்டச்சு செய்து, படம் இணைத்து, வடிவம் மாற்றிப் பதிவேற்ற எனக்கு இரண்டு வாரம் வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு எந்தத் திட்டத்திலும் சம்பளக் கணக்கு இருந்ததில்லை. மணலுக்கு, சிமெண்டுக்கு, கேமராவுக்கு எல்லாம் வரி இருக்கும். இதற்கு இருக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கணினியில் கணக்கிடுபவர்கள் அடிக்கடி தவறுவது இதில்தான். நாங்கள் மேசைக்குக் கொடுக்கும் அசைவு வேறு, மேசை உண்மையில் செய்யும் அசைவு வேறு. மேலே நாற்பது டன் இருக்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் எந்த மேசையும் கட்டளையை அப்படியே நிறைவேற்றாது. வீடு சேதமாகச் சேதமாக அது மேசையையே திருப்பி இழுக்கும். கட்டளைக் கோப்பை எடுத்துக் கணக்கிட்டு "உங்கள் சோதனையோடு பொருந்தவில்லை" என்று எழுதுபவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். மேசையின் மேல் அளந்த முடுக்கத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் தரவு எந்த ஊர் சர்வரில் இருந்தாலும் எனக்குச் சம்மதம். அதை எழுதுபவருக்கு நேரம் கொடுங்கள்.

---

நிரல்வீடு எழுதியது:

செங்கல்சூளை அக்கா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துக் காட்டினேன். நான் இந்த மாதிரி வாசல்களுக்கு நிரல் எழுதுபவன்.

வைகைக்கரை கேட்டதற்கு முதலில் பதில். தனிப்பிறவியான சோதனைகளை ஒரே சட்டகத்தில் வைக்க சீரிஸ் ஒரு படிநிலையைக் கையாண்டது. மேலே திட்டம், அதற்குள் சோதனைக்கான மாதிரிக் கட்டடம், அதற்குள் ஒவ்வொரு சோதனையும், அதற்குள் ஒவ்வொரு கருவியின் சமிக்ஞை. எந்தப் பொருளைச் சோதித்தாலும் இந்த நான்கு படியில் எங்காவது உட்காரும். இது நல்ல சிந்தனை என்றே இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு ஆய்வகமும் தன் பழைய அடுக்கைக் கலைக்காமல், தன்னிடம் இருப்பதை இந்தப் படிநிலைக்கு மொழிபெயர்க்கும் ஒரு சிறு சேவையைத் தன் சர்வரில் ஓடவிடும். நடு வாசல் அவற்றைக் கேட்டுத் திரட்டிக் காட்டும்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? அந்தச் சிறு சேவையை ஓடவிடுவது ஒரு முனைவர் பட்ட மாணவர். அவர் படித்து முடித்துப் போவார். பல்கலைக்கழகக் கணினிப் பிரிவு பாதுகாப்புக்காக ஒரு கதவை மூடும். வாசலில் அந்த ஆய்வகத்தின் பெயர் இருக்கும், சொடுக்கினால் ஒன்றும் வராது. நான் பராமரித்த ஒரு வாசலில் கண்ணெதிரே இப்படி ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எய்டா மையங்கள் நிலைக்கின்றன என்றால் அவை ஒவ்வொன்றும் ஒரு தேசிய நிறுவனம், அங்கே இரவு பகலாகக் கணினியைப் பார்க்க ஆள் இருக்கிறார். ஓர் ஆய்வகத்தில் அப்படி இல்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 2004 முதல் 2014 வரை அங்கே "நீஸ்" என்ற வலையமைப்பில் 14 ஆய்வகங்கள் இருந்தன. தரவு எல்லாம் ஒரே நடுக் காப்பகத்தில், கடைசி ஆண்டுகளில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்தது. 2014இல் திட்டமே முடிந்தது. ஆனால் தரவு ஒரே இடத்தில் இருந்ததால் அப்படியே தூக்கி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் "டிசைன்சேஃப்" தளத்துக்கு மாற்ற முடிந்தது. இன்றும் அங்கே போய் எடுக்கலாம். ஒன்றாக இருந்தால் ஒன்றாகக் காப்பாற்றலாம். அதனால் என் ஓட்டு நடுவில் வைப்பதற்குத்தான், குறைந்தது ஒரு நகலாவது.

---

செங்கல்சூளை எழுதியது:

நகல் என்றால் சரி. ஆனால் நிரல்வீடு, ஐரோப்பா ஒரு நாடு இல்லை என்பதை மறக்க வேண்டாம். நீஸுக்கு ஒரே அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது, "தரவைப் போடாவிட்டால் அடுத்த பணம் இல்லை" என்று சொல்ல முடிந்தது. இங்கே ஒரு மேசை பல்கலைக்கழகத்துடையது, ஒன்று அரசு ஆராய்ச்சி நிறுவனத்துடையது, ஒன்று அணுசக்தி ஆணையத்துடையது, ஒன்று அறக்கட்டளையுடையது. சில சோதனைகள் தனியார் பணத்தில் நடக்கும்.

குரோனிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் எரிவாயு எடுத்ததால் நிலம் ஆடத் தொடங்கியது. 2012 ஆகஸ்டில் ஹுய்சிங்கே ஊரில் 3.6 அளவில் வந்தது. அளவு சிறியதுதான், ஆனால் ஆழம் குறைவு, அங்குள்ள மெல்லிய செங்கல் வீடுகள் நிலநடுக்கத்தை நினைத்தே பார்க்காமல் கட்டப்பட்டவை. அந்த வீடுகளின் முழு அளவு மாதிரியைப் பாவியாவிலும் லிஸ்பனிலும் கட்டி ஆட்டினார்கள், எரிவாயு நிறுவனத்தின் செலவில். இரட்டைச் சுவர் செங்கல் வீட்டைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. இப்படிப் பணம் கொடுப்பவர் ஒருவர், ஆய்வகம் ஒருவர், வீட்டில் குடியிருப்பவர் இன்னொருவர் என்று இருக்கும்போது தரவு யாருடையது என்பதை ஒப்பந்தம் போடும் அன்றே எழுதிவிட வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் வழக்கறிஞர்தான் பதில் சொல்வார்.

---

பனித்துளி எழுதியது:

இங்கே புதியவள். இரண்டாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி. எல்லோரும் திறந்துவிடுங்கள் என்கிறீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. என் ஒரே சோதனை வரும் வசந்தத்தில். அதன் தரவைச் சோதனை முடிந்த மாதமே பொதுவில் போட்டால், பத்துப் பேர் இருக்கும் ஒரு குழு மூன்று மாதத்தில் கட்டுரை எழுதிவிடும். எனக்கு ஒரு வருடம் ஆகும். அப்புறம் என் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும்?

---

கலங்கரை எழுதியது:

பனித்துளி, இது நியாயமான பயம், ஒதுக்கித்தள்ள மாட்டேன். ஓராண்டோ இரண்டாண்டோ பூட்டி வைத்து அப்புறம் தானாகத் திறக்கும் ஏற்பாடு வழக்கத்தில் இருக்கிறது. நிலநடுக்கவியலில் தற்காலிகமாக நடும் நிலையங்களுக்கும் இப்படித்தான். முக்கியம் என்னவென்றால் பூட்டும்போதே திறக்கும் தேதியும் உள்ளே எழுதப்பட வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் அந்தப் பிறகு வராது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் இஸ்ப்ராவில் ஐரோப்பிய ஆணையத்தின் எல்சா ஆய்வகம் இருக்கிறது. அங்கே 16 மீட்டர் உயர எதிர்வினைச் சுவர் ஒன்று உண்டு. அந்தச் சுவரை ஊன்றுகோலாக வைத்து ஜாக்கிகள் கட்டடத்தை மெதுவாகத் தள்ளும். நிலைம விசையைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும், அடுத்த அடி தள்ளும், மறுபடி கணக்கு. சில விநாடி நிலநடுக்கத்தை மணிக்கணக்கில் நீட்டிப் பார்க்கும் முறை. 2004இல் அங்கே "ஸ்பியர்" என்ற மூன்று மாடிக் கட்டடத்தைச் சோதித்தார்கள். கிரேக்கத்தில் ஒரு காலத்தில் நிலநடுக்க விதி இல்லாமல் கட்டியது போலவே, சமச்சீர் இல்லாமல், முழு அளவில் கட்டினார்கள். அதன் வரைபடம், கம்பி விவரம், தரவு எல்லாம் வெளியே கிடைத்ததால் இருபது ஆண்டாக உலகம் முழுக்க மாணவர்கள் அதை வைத்துத் தங்கள் முறைகளைச் சரிபார்க்கிறார்கள். சமச்சீரற்ற கட்டடம் என்றாலே "ஸ்பியரில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்கள். சோதித்தவர்களின் வேலை அதனால் மறக்கப்படவில்லை, ஒவ்வொரு கட்டுரையிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தரவுக்கும் கட்டுரையைப் போலவே ஒரு நிலையான அடையாள எண் வாங்கிவிடுங்கள். அதை மேற்கோள் காட்டாமல் யாரும் எடுக்க முடியாதபடி உரிமத்தில் எழுதுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

தரவு பொதுவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு, சொல்லாமல் போக மனமில்லை.

1977 மார்ச் 4, ருமேனியா. வ்ரான்சியா மலைப்பகுதியில் 90 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் 7.4 அளவு நிலநடுக்கம். 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானோர் தூரத்தில் இருந்த புக்கரெஸ்ட் நகரில். இடிந்தவற்றில் முக்கியமானவை இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய உயரமான கான்கிரீட் கட்டடங்கள். அந்த நாட்டின் விதிமுறை அப்போது வேகமான, குறுகிய ஆட்டம் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தது. புக்கரெஸ்டில் இன்செர்க் என்ற கட்டட ஆய்வு நிறுவனத்தில் ஒரு ஜப்பானியக் கருவி இருந்தது. அன்றைக்கு நகரில் அந்த அதிர்வை முழுதாகப் பதிந்த பதிவு அது ஒன்றுதான். அதில் தெரிந்தது நீண்ட, மெதுவான ஆட்டம், ஒரு முழு ஊசலுக்கு ஒன்றரை விநாடிக்கு அருகில். அடியில் இருந்த மென்மண்ணும் ஆழத்திலிருந்து வந்த அலையும் சேர்ந்து உயரமான கட்டடங்களைத் தேடிப்பிடித்து ஆட்டியிருக்கின்றன. அடுத்த ஆண்டு விதிமுறை மாறியது. ஒரே ஒரு பதிவு. அந்தக் கருவி அன்று பழுதாகியிருந்தால் இடிந்ததற்குக் காரணம் மட்டமான சிமெண்ட் என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பதிவுகளைக் கடிதம் போட்டுக் கேட்டு, நேரில் போய் வாங்கி, காகிதத்தில் இருந்ததை எண்ணாக்கி ஒன்றுசேர்த்தவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆம்பிரசீஸ். 2000ஆம் ஆண்டில் அவரும் மற்றவர்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியப் பதிவுகளை ஒரு குறுந்தகட்டில் வெளியிட்டார்கள். பிறகு இணையதளமும் வந்தது. நான் மாணவனாக இருந்தபோது அதுதான் எங்கள் சோறு. ஆனால் அது திட்டப் பணத்தில் ஓடியது. பணம் நின்றதும் புதிய நிலநடுக்கங்கள் சேர்வது நின்றது. பிறகு "நெரா" என்ற ஐரோப்பியத் திட்டத்தில் வேறொரு குழு இஎஸ்எம்மைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

நிரல்வீடு சொன்ன அணையும் விளக்கும் இதுவும் ஒரே நோய். மூன்று, நான்கு ஆண்டுத் திட்டத்தில் நிரந்தரச் சேவை கட்ட முடியாது. இதற்கு ஐரோப்பா கண்டுபிடித்த மருந்து "எபோஸ்". 2018இல் அதைத் திட்டம் என்ற நிலையிலிருந்து மாற்றிச் சட்டப்படியான அமைப்பாகப் பதிவு செய்தார்கள், தலைமையகம் ரோம். உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் பங்கு கட்டுகின்றன. ஆர்ஃபியஸ், இஎஸ்எம், நிலநடுக்க ஆபத்துக் கணக்குகளை வைத்திருக்கும் "எஃபெர்" எல்லாம் அதன் குடைக்குள் வருகின்றன. 2022இல் வெளிவந்த ஐரோப்பிய நிலநடுக்க ஆபத்து மாதிரி இதற்கெல்லாம் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று. துருக்கி, கிரேக்கம், அல்பேனியா, இத்தாலி, ருமேனியா என்று எந்தெந்த நாட்டில் எவ்வளவு ஆபத்து என்பதை எல்லைக்கோட்டில் உடையாமல் காட்டுகிறது. பகிர்ந்த பட்டியல்களும் பகிர்ந்த பதிவுகளும் இல்லாமல் அது சாத்தியமில்லை. கட்டட ஆய்வகங்களின் தரவுக்கு அந்த அளவு உறுதியான வீடு இன்னும் அமையவில்லை என்பதுதான் என் வருத்தம்.

---

தூண்விட்டம் எழுதியது:

வைகைக்கரை சார், இன்செர்க் பதிவை இப்போதே தேடிப் பார்த்தேன். அந்தப் பெரிய மெதுவான ஊசல் கண்ணுக்கே தெரிகிறது. ஒரு பதிவை வைத்து விதிமுறையை மாற்றியது அவசரம் இல்லையா? அது அந்த ஓர் இடத்து மண்ணின் விசேஷமாக இருந்தால்?

---

வைகைக்கரை எழுதியது:

அந்தக் கேள்வியை அப்போதே கேட்டார்கள். 1986இலும் 1990இலும் மறுபடி வ்ரான்சியாவில் பெரிய நிலநடுக்கங்கள் வந்தபோது கருவிகள் நிறைய இருந்தன. நிலநடுக்கத்தின் அளவு பெரிதாகப் பெரிதாக மெதுவான ஆட்டம் கூடுகிறது என்பதும், நகருக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதும் தெரிந்தது. 1977இல் எடுத்த முடிவைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து மக்களைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

---

நிரல்வீடு எழுதியது:

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஆய்வகம் தன் தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும், திருத்தும் உரிமையும் அதற்கே. ஆனால் சோதனை முடித்து வெளியிடும் நாளில் ஒரு முழு நகல் நடுக் காப்பகத்துக்குப் போய்விட வேண்டும், பூட்டோடு போனாலும் சரி. ஆய்வகத்தின் விளக்கு அணைந்தாலும் நகல் எரியும். வடிவமும் எளிதாக இருக்கட்டும். ஒரு கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் என்ற கோப்பு இருபது ஆண்டில் திறக்காது. சாதாரண உரைக் கோப்பு திறக்கும். வீடியோதான் இடத்தை அடைக்கிறது, அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

இரண்டு வாரச் சம்பளம் பற்றி அக்கா சொன்னதற்கு நிரலில் தீர்வு இல்லை. அது விண்ணப்பம் எழுதும்போதே கேட்க வேண்டியது.

---

கலங்கரை எழுதியது:

அதைத்தான் செய்யப்போகிறேன். அடுத்த மாதம் எங்கள் குழு ஒரு மேசை நேரத்துக்கு விண்ணப்பிக்கிறது. அதில் "தரவு எழுதுதல்: சோதனைப் பொறியாளருக்கு இரண்டு வாரம்" என்று தனி வரி போட்டிருக்கிறேன். வெட்டச் சொன்னால் ஒரு முடுக்கமானியை வேண்டுமானால் குறைத்துக்கொள்கிறேன், இதை விடமாட்டேன்.

கூடவே ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நிரப்ப ஒரு பக்கத் தாள் தயாரித்தேன். சேனல் எண், கருவியின் வகை, சுவர், தரையிலிருந்து உயரம், எந்த ஆட்டம் முதல் எந்த ஆட்டம் வரை அந்த இடத்தில் இருந்தது, அளவுத்திறன், செத்துப்போனால் எப்போது. மேசை அளந்த முடுக்கம் எந்தக் கோப்பில் என்பதற்கு முதல் வரியே ஒதுக்கியிருக்கிறேன். சாந்தின் வலிமைக்கு 28ஆம் நாள் எண்ணும் சோதனை நாள் எண்ணும் தனித்தனியாக. கிரேனில் தூக்கிய பிறகு பார்த்த விரிசலுக்கு ஒரு கட்டம். செங்கல்சூளை அக்கா, நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுவேன்.

---

செங்கல்சூளை எழுதியது:

பார்த்தேன். நன்றாக இருக்கிறது, இரவு ஒன்பது மணிக்கும் நிரப்பக்கூடிய நீளம்தான். இரண்டு மாற்றம் சொல்கிறேன்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், அடித்தள விட்டத்தின் மேல்முகத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் "தரை" என்றால் ஒருவர் கூடத்தின் தரை என்பார், இன்னொருவர் மேசையின் மேல்முகம் என்பார்.

அப்புறம், ஒவ்வொரு கருவியின் மேலும் நேர்த்திசையைக் காட்டும் அம்பு ஒன்றை மார்க்கரால் போட்டுவிட்டு, அம்பும் சேனல் எண்ணும் சேர்ந்து தெரியும்படி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தாளில் கூட்டல் குறி, கழித்தல் குறி என்று கேட்டால் களைப்பில் மாற்றி எழுதிவிடுவோம். போட்டோவில் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான்.